சி அண்ட் ஓ கால்வாய்ப் பாதையில் நண்பர்களோடு ஐந்து நாள் சைக்கிள் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்தப் பாதை?

அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில் உள்ள கம்பர்லண்ட் நகரிலிருந்து, தலைநகர் வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் பகுதி வரை போட்டோமக் ஆற்றை ஒட்டியே வரும் 184.5 மைல் (சுமார் 297 கி.மீ.) மண்பாதை. செசபீக் அண்ட் ஒஹாயோ கால்வாய் என்பதன் சுருக்கம்தான் சி அண்ட் ஓ. 1828 ஜூலை 4-ல் வெட்டத் தொடங்கினார்கள். 1850-ல் கம்பர்லண்டை எட்டியது. 1924 வெள்ளத்தோடு படகு ஓட்டம் நின்றுபோனது. படகுகளில் எஞ்சின் கிடையாது. கோவேறு கழுதைகள் கரையில் நடந்தபடி கயிற்றால் இழுத்துப் போகும். அந்தக் கழுதைகள் நடந்த கரைதான் இப்போதைய சைக்கிள் பாதை.

இந்த வழித்தடத்தில் கார்ச் சாலை போடும் யோசனை எழுந்தபோது, அதை எதிர்த்து உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் 1954-ல் இதன் முழு நீளத்தையும் நடந்தார். 1971-ல் இது தேசியப் பூங்காவானது. மைல் எண்கள் ஜார்ஜ்டவுனில் 0-வில் தொடங்கி கம்பர்லண்டில் 184.5-ல் முடியும். கீழே ‘மைல் 60’ என்று வருவதெல்லாம் அந்தக் கணக்கு. பாதையில் ஒவ்வொரு மைலுக்கும் கம்பம் நட்டிருக்கிறார்கள்.

சமதளம்தானே, ஓட்டிப் பழக்கமில்லாதவர்களும் வரலாமா?

வரலாம். ஆனால் ‘சமதளம், அதனால் சுலபம்’ என்று சொல்லி யாரையும் இழுத்து வராதீர்கள். மேடு பள்ளம் உள்ள சாலையில் ஏறினால் ஓர் இறக்கம் கிடைக்கும், அங்கே கால் ஓயும், உடம்பும் இருக்கையிலிருந்து எழும். இங்கே இறக்கமே இல்லை. மிதிப்பதை நிறுத்தினால் மண்தரை சில நொடிகளில் வண்டியை நிறுத்திவிடும். ஆகவே தினமும் ஐந்தாறு மணி நேரம், ஒரே தோரணையில், இடைவிடாமல் மிதிக்க வேண்டும். இந்தப் பாதையில் மூச்சு வாங்கித் தோற்றவர்கள் குறைவு. உட்கார முடியாமல், கை மரத்துப்போய்த் தோற்றவர்கள் அதிகம்.

தயாரிப்பும் அதற்கேற்றதாக இருக்கட்டும். புறப்படுவதற்கு 6 முதல் 8 வாரம் முன்பிருந்தே வாரம் மூன்று முறை ஓட்டுங்கள். கடைசி மூன்று வாரங்களில் ஒரு சனிக்கிழமை 40 மைல், மறுநாளே 30 மைல், அதுவும் முழுச் சுமையோடு. முதல் நாள் ஓட்டத்தை யாரும் சமாளித்துவிடுவார்கள். இரண்டாம் நாள் காலையில் மறுபடி சீட்டில் உட்கார முடிகிறதா என்பதுதான் சோதனை.

எந்தத் திசையில் ஓட்டுவது நல்லது?

கம்பர்லண்டிலிருந்து ஜார்ஜ்டவுன் நோக்கி. கால்வாயின் மொத்த உயர வேறுபாடு 605 அடிதான். அதை 74 லாக்குகள் பங்கிட்டுக்கொள்கின்றன. (லாக் என்பது படகை உள்ளே விட்டு, கதவை அடைத்து, தண்ணீரை ஏற்றியோ வடித்தோ அடுத்த மட்டத்துக்குக் கொண்டுபோகும் கல் தொட்டி.) ஒவ்வொரு லாக்கின் அருகிலும் பாதை எட்டடி அளவில் இறங்கும். அது காலுக்குத் தெரியவே தெரியாது. ஆகவே இறக்கத்துக்காக இந்தத் திசையைச் சொல்லவில்லை. கடையும் ஆளும் குறைந்த பகுதி மேற்கில் இருக்கிறது. உடம்பில் தெம்பும் பையில் சாப்பாடும் இருக்கும்போதே அதைக் கடந்துவிடலாம் என்பதே காரணம்.

பிட்ஸ்பர்கிலிருந்து 150 மைல் வரும் கிரேட் அலகெனி பாசேஜ் பாதையும் கம்பர்லண்டில்தான் வந்து சேர்கிறது. இரண்டையும் சேர்த்து ஓட்ட இன்னும் மூன்று நாளாவது வேண்டும்.

எத்தனை நாள் வேண்டும்?

நண்பர்கள் குழுவுக்கு ஐந்து நாள். நான்கு நாளில் முடிக்கலாம், ஆனால் ஒரு மழை நாள் வந்தால் கணக்கு சிதறிவிடும். மூன்று நாள் என்பது தினம் 60 மைலுக்கு மேல். அது வேறு வகை ஆட்களுக்கான பயணம்.

கூடாரத்தில் தங்குபவர்களுக்குச் சரிவரும் ஒரு திட்டம்:

முதல் நாள், கம்பர்லண்டிலிருந்து லிட்டில் ஆர்லியன்ஸ் (மைல் 140.9), 43.6 மைல். பா பா சுரங்கம் இந்த நாளில்தான் வரும்.
இரண்டாம் நாள், வில்லியம்ஸ்போர்ட் (மைல் 99.8), 41.1 மைல். நடுவே ஹான்காக் நகரில் மதியச் சாப்பாடு.
மூன்றாம் நாள், ஹார்ப்பர்ஸ் ஃபெரி (மைல் 60.7), 39.1 மைல்.
நான்காம் நாள், டர்ட்டில் ரன் முகாம் (மைல் 34.4), 26.3 மைல். வேண்டுமென்றே குறைத்தது: காலையில் ஹார்ப்பர்ஸ் ஃபெரியைச் சுற்றிப் பார்க்க நேரம் வேண்டும்.
ஐந்தாம் நாள், ஜார்ஜ்டவுன், 34.4 மைல்.

கூடாரம் வேண்டாம், நகரத்து விடுதியில் படுக்கை வேண்டும் என்றால் முதல் நாளே ஹான்காக் வரை 60 மைல் ஓட்ட வேண்டிவரும். அந்த ஒரு நாளுக்காகவே பலர் கூடாரத்துக்கு மாறிவிடுகிறார்கள்.

வேகக் கணக்கு: சுமையோடு, உலர்ந்த தரையில், ஓடும்போது மணிக்கு 9 முதல் 10 மைல். நின்று நின்று போவதையும் சேர்த்தால் 7. அதாவது 42 மைல் நாளுக்கு 6 மணி நேரம். சேற்றில் இதை 5 மைலாகக் குறைத்துக்கொள்ளுங்கள். பூங்காவின் உச்ச வேகம் 15 மைல். சுமை வண்டியில் அதைத் தொடுவதே அபூர்வம்.

எந்த மாதம் போகலாம்?

செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் கடைசி வரை. ஏப்ரல், மே மாதங்களில் பூக்கள் அழகு, பாதை சேறு, ஆற்றில் வெள்ளமும் வரலாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை புழுக்கம், கொசு. நவம்பர் நடுவில் முகாம்களின் கைப்பம்புகளில் கைப்பிடியைக் கழற்றிவிடுவார்கள். ஏப்ரல் நடுவில்தான் திரும்ப மாட்டுவார்கள்.

செப்டம்பரில் போனால் மேற்குப் பகுதியில் பா பா (பாவ்பாவ்) பழம் உதிர்ந்து கிடக்கும். பெயரைக் கேட்டுப் பப்பாளி என்று நினைத்துவிடாதீர்கள். இது சீத்தாப்பழக் குடும்பம். மாங்காய் அளவில், பச்சைத் தோலோடு, உள்ளே மஞ்சள் கூழும் வழுவழுப்பான பெரிய கொட்டைகளுமாக இருக்கும். சுரங்கத்துக்கும் பக்கத்து ஊருக்கும் பெயர் வந்தது இதனால்தான்.

எத்தனை பேர் சேர்ந்து போகலாம்?

நான்கு முதல் ஆறு பேர் நல்ல எண்ணிக்கை. முகாமில் ஓர் இடத்துக்கு எட்டுப் பேர்தான் உச்சம். அதற்கு மேல் போனால் இரண்டு குழுவாகப் பிரிந்து வெவ்வேறு முகாமில் தங்க வேண்டும். இன்னொரு கணக்கும் உண்டு: ஒருவர் நின்றால் எல்லோரும் நிற்பார்கள். எட்டுப் பேரில் ஆளுக்கு ஒரு முறை பத்து நிமிடம் நின்றாலே ஒரு மணி இருபது நிமிடம் போய்விடும்.

கம்பர்லண்டுக்கு சைக்கிளை எப்படிக் கொண்டுபோவது?

வாஷிங்டன் யூனியன் நிலையத்திலிருந்து கம்பர்லண்டுக்கு ஆம்ட்ராக் ரயில் தினம் ஒன்று இருக்கிறது. சைக்கிளைப் பிரித்துப் பெட்டியில் அடைக்க வேண்டாம். பக்கப் பைகளைக் கழற்றிவிட்டு, வண்டியைச் சரக்குப் பெட்டி வாசலில் ஊழியரிடம் தூக்கிக் கொடுத்தால் போதும். ஆனால் உங்கள் டிக்கெட்டோடு சைக்கிளுக்கும் தனியாக இடம் பதிவு செய்திருக்க வேண்டும். ஒரு ரயிலில் இருப்பது சில இடங்கள்தான். ஆறு பேர் போகிறீர்கள் என்றால் முதலில் சைக்கிள் இடம் ஆறு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு தேதியை முடிவு செய்யுங்கள். தேதியை முடிவு செய்துவிட்டு இடம் தேடினால் இரண்டு பேர் காரில் வர நேரும்.

ரயில் போய்ச் சேர மாலையாகிவிடும், தாமதமும் சகஜம். அன்றிரவு கம்பர்லண்டில் தங்கிவிட்டு மறுநாள் காலையில் கிளம்புங்கள். நிலையத்திலிருந்து பாதையின் தொடக்கத்துக்குச் சில நிமிடம்தான். அடுப்புக்கான கேஸ் குப்பியை விமானத்திலும் விடமாட்டார்கள், இந்த ரயிலிலும் விடமாட்டார்கள். இறங்கிய ஊரில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்த சைக்கிள், எந்த டயர்?

ஹைபிரிட், கிராவல், மவுண்டன் எதுவும் சரி. பந்தய சைக்கிளின் 25 எம்.எம். டயர் வேண்டவே வேண்டாம். 38 முதல் 45 எம்.எம். அகலம், லேசான பட்டன் உள்ள டயர் சிறந்தது. 70 கிலோ ஆள், 12 கிலோ சுமை, 40 எம்.எம். டயர் என்றால் பின்னால் 45, முன்னால் 35 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காற்று. இதைவிடக் குறைத்தால் மரவேரில் ஏறும்போது ட்யூப் ரிம்முக்கும் வேருக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் இரண்டு ஓட்டை விழும். கூட்டினால் ஈரக் களிமண்ணில் முன்சக்கரம் வழுக்கும்.

மின் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு: முகாம்களில் மின்சாரம் கிடையாது. ஒவ்வொரு இரவும் விடுதியில் தங்கினால் மட்டுமே அது பயன்படும். பேட்டரி தீர்ந்த மின் சைக்கிளைச் சுமையோடு மிதிப்பது தண்டனை.

மழை பெய்தால் என்ன ஆகும்?

இதுதான் இந்தப் பாதையின் முக்கியமான கேள்வி. சில பகுதிகளில் அண்மை ஆண்டுகளில் கல்தூள் போட்டுச் சீர் செய்திருக்கிறார்கள். மற்ற இடங்களில் வெறும் களிமண். ஒரு மணி நேரம் நல்ல மழை பெய்தால் போதும், டயரோடு மண்ணும் காய்ந்த இலையும் குச்சியும் ஒட்டி எழும்பி, மட்கார்டுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். முதலில் ‘சர்ர்’ என்று ஓர் உரசல் கேட்கும். வண்டி கனத்ததுபோல் இருக்கும். பிறகு சக்கரம் சுற்றாது.

செய்ய வேண்டியவை: மட்கார்டுக்கும் டயருக்கும் ஒரு விரல் கனமாவது இடைவெளி இருக்கும்படி வீட்டிலேயே சரி செய்துவிடுங்கள். முடியாவிட்டால் முன் மட்கார்டைக் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். உரசல் கேட்டதும் இறங்கி, தட்டையான குச்சியால் மட்கார்டு உள்பக்கம், பிரேக் பக்கம், பின் கியர் நகர்த்தியின் இரண்டு சின்னப் பல்சக்கரங்கள் ஆகியவற்றைச் சுரண்டுங்கள். ‘இன்னும் கொஞ்ச தூரம்’ என்று அழுத்தி மிதிப்பதுதான் பெரிய தவறு. குச்சி ஒன்று கியர் நகர்த்தியில் சிக்கியிருந்தால் அந்த அழுத்தத்தில் அதைத் தாங்கும் ஹேங்கர் வளையும் அல்லது முறியும். ஹேங்கர் ஒவ்வொரு மாடலுக்கும் ஒவ்வொரு வடிவம், வழியில் கிடைக்காது. உங்கள் வண்டிக்கான ஒன்றைக் கையோடு கொண்டுவாருங்கள்.

மாலையில் செயினைத் துணியால் துடைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பெடலைப் பின்னோக்கி இருபது சுற்றுச் சுற்றி, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். மணல் கலந்த சேறு பிரேக் பேடை உப்புத்தாள் போலத் தேய்க்கும். மழைப் பயணத்துக்கு ஆளுக்கு ஒரு ஜோடி பேட் மிச்சம் இருக்கட்டும்.

மழைக்கு ஒரு நல்ல மாற்றும் உண்டு. லிட்டில் ஆர்லியன்ஸிலிருந்து ஹான்காக் வழியாக பிக் பூல் வரை சுமார் 28 மைல், வெஸ்டர்ன் மேரிலாண்ட் ரெயில் டிரெயில் என்ற தார்ப்பாதை கால்வாயை ஒட்டியே வருகிறது. பழைய ரயில் தடம் அது. இண்டிகோ சுரங்கத்தில் வௌவால்கள் தங்குவதால் அந்த இடத்தில் மட்டும் தார்ப்பாதை விட்டுப்போகும். அங்கே கால்வாய்ப் பாதைக்கு இறங்கி மறுபடி ஏற வேண்டும். மழை இல்லாவிட்டாலும் உட்கார்ந்த இடம் புண்ணாகியிருக்கும் இரண்டாம் நாளுக்கு இது வரப்பிரசாதம்.

பஞ்சர் ஆனால் சரியாக எப்படிப் பார்ப்பது?

லோகஸ்ட் மரத்து முள்தான் இங்கே வழக்கமான குற்றவாளி. பலர் ட்யூபை மாற்றிவிட்டு, முள்ளை டயரிலேயே விட்டுவிடுகிறார்கள். பத்து நிமிடத்தில் அடுத்த பஞ்சர்.

1. பின் சக்கரம் என்றால் முதலில் செயினை மிகச் சின்னப் பல்சக்கரத்துக்கு மாற்றிவிட்டுச் சக்கரத்தைக் கழற்றுங்கள். பக்கப் பைகளை முன்பே இறக்கிவிடுங்கள்.
2. டயரில் எந்த இடம் வால்வுக்கு நேராக இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ட்யூபில் ஓட்டை எங்கே என்று தெரிந்தால், டயரில் முள் எங்கே என்றும் தெரிந்துவிடும்.
3. நெம்புகோல் இரண்டால் ஒரு பக்க விளிம்பை மட்டும் எடுத்து ட்யூபை உருவுங்கள். காற்றடித்து உதட்டருகே வைத்துச் சுற்றினால் ஓட்டையின் காற்று தெரியும்.
4. டயரின் உள்பக்கத்தை விரல் நுனியால் மெதுவாகத் தடவுங்கள். முள் நுனி முடி அளவுதான் நீட்டிக்கொண்டிருக்கும். உண்ணிக்காக வைத்திருக்கும் இடுக்கியே இதற்கும் ஆகும்.
5. புது ட்யூபில் உருண்டை வடிவம் வரும் அளவுக்கு மட்டும் காற்று அடித்து உள்ளே வையுங்கள். விளிம்பைக் கையாலேயே ஏற்றுங்கள், வால்வுக்கு எதிர்ப்பக்கம் தொடங்கி வால்வில் முடியுங்கள்.
6. முழுக் காற்று அடிக்கும் முன் இரண்டு பக்கமும் ட்யூப் விளிம்பில் மாட்டியிருக்கிறதா என்று சுற்றிலும் பாருங்கள். மாட்டியிருந்தால் 30 பிஎஸ்ஐ தாண்டும்போது வெடிக்கும்.

ஓட்டையான ட்யூபை எறியாமல் முகாமில் ஒட்டு போடுங்கள். பசை தடவி ஐந்து நிமிடம் காய விட வேண்டும். ஈரத்திலேயே ஒட்டுவதால்தான் ஒட்டு கழன்றுவிடுகிறது.

குழுவுக்குப் பொதுவாக என்ன கருவிகள்?

ஆளுக்கு இரண்டு ட்யூப். பொதுவில்: இரண்டு பம்ப் (ஒன்று கெடும்), ஒட்டுப் பெட்டி, ஆலன் கீ செட், செயின் உடைக்கும் கருவி, எல்லோருடைய செயினுக்கும் பொருந்தும் இணைப்புக் கண்ணிகள் (10 கியர் செயினின் கண்ணி 11-க்குச் சேராது), கியர் கேபிள் ஒன்று, ஸ்போக் சாவி, தற்காலிக நூல் ஸ்போக் (உடைந்த ஸ்போக்குக்குப் பதிலாகக் கட்டுவது), 5 எம்.எம். போல்ட் நான்கு, ஜிப் டை இருபது, மின்கம்பி டேப்.

போல்ட் ஏன் என்றால், கேரியரைச் சட்டத்தோடு பிடிக்கும் 5 எம்.எம். போல்ட்டுகள் வேர் மேல் குதித்துக் குதித்துத் தளர்ந்துவிடும். ஒன்று விழுந்தால் கேரியர் சாய்ந்து பை ஸ்போக்கில் உரசும். வீட்டில் பூட்டுப் பசை தடவி முறுக்குங்கள்; வழியில் தினமும் காலை ஆலன் கீயால் ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

சுமை எவ்வளவு, எப்படிக் கட்டுவது?

ஆளுக்கு 12 கிலோ, தண்ணீர் தவிர. கனமானதைப் பக்கப் பைகளின் அடியில், சக்கர அச்சுக்குப் பக்கத்தில். இடது வலது ஒரே எடை. கூடாரம், தூங்கும் பை போன்ற இலகுவானவை கேரியரின் மேல். எல்லாக் கனத்தையும் பின்னால் ஏற்றுவதால்தான் பின் சக்கரத்தில் ஸ்போக் உடைகிறது. தண்ணீரையும் சாப்பாட்டையும் முன்பக்கம் மாற்றுங்கள். முதுகில் பை வேண்டாம். அந்தக் கனம் அப்படியே உட்காரும் இடத்தில்தான் இறங்கும்.

முகாம்களில் என்ன வசதி?

சுமார் முப்பது ‘ஹைக்கர் பைக்கர்’ முகாம்கள் பாதையோரத்தில் உள்ளன. இலவசம், முன்பதிவு இல்லை, முதலில் வந்தவருக்கு முதல் இடம், ஒரு முகாமில் ஓர் இரவு. மேசை, தீ மூட்ட வளையம், ரசாயனக் கழிப்பறை, கைப்பம்பு இருக்கும். குப்பைத் தொட்டி பூங்கா முழுவதும் கிடையாது. உங்கள் குப்பை உங்கள் பையில்தான் வர வேண்டும். முதல் இரவுக்கு இண்டிகோ நெக் (139.2), இரண்டாவதுக்கு ஜோர்டன் ஜங்ஷன் (101.2), மூன்றாவதுக்கு ஹக்கிள்பெரி ஹில் (62.9) பொருந்தும். லிட்டில் ஆர்லியன்ஸின் ஃபிஃப்டீன்மைல் கிரீக் முகாமுக்குக் கட்டணமும் முன்பதிவும் உண்டு.

சனிக்கிழமை இரவுக்கு ஹார்ப்பர்ஸ் ஃபெரி பக்கம் இடம் நிரம்பிவிடும். அதைத் தவிர்க்க ஞாயிறு காலை கம்பர்லண்டிலிருந்து கிளம்பி வியாழன் முடிப்பது நல்ல தந்திரம்.

இன்னொன்றையும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை: சரக்கு ரயில். பாயின்ட் ஆஃப் ராக்ஸ் முதல் ஹார்ப்பர்ஸ் ஃபெரி வரை தண்டவாளம் கால்வாயை ஒட்டி ஓடுகிறது, இரவு முழுவதும் வண்டி போகும். கேலிகோ ராக்ஸ், பால்ட் ஈகிள் ஐலண்ட் முகாம்களில் படுத்தால் தலைமாட்டில் ஓடுவதுபோல் இருக்கும். காதடைப்பான் கொண்டுபோங்கள்.

கூரையின் கீழ் தங்க ஆசை என்றால் பழைய லாக் காவலர் வீடுகள் சிலவற்றை வாடகைக்கு விடுகிறார்கள். எட்டுப் பேர் தங்கலாம். 28-ஆம் எண் வீடு போலச் சிலவற்றில் மின்சாரமும் குழாயும் இல்லை என்பதைப் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

பம்புத் தண்ணீரைக் குடிக்கலாமா?

அயோடின் போட்டுச் சுத்திகரித்த தண்ணீர். லேசான மருந்து வாடை அடிக்கும். முதல் பத்துப் பதினைந்து அடிக்கு இரும்புத் துருவோடு செம்மண் நிறத்தில் வரும், தெளிந்த பிறகு பிடியுங்கள். ஒருவர் அடிக்க ஒருவர் பிடித்தால்தான் வேலை ஆகும். தனியாக அடித்துவிட்டுக் குப்பியோடு ஓடி வருவதற்குள் நின்றுவிடும். தைராய்டு சிக்கல் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அயோடின் தண்ணீரைத் தொடர்ந்து குடிக்காமல் கடைத் தண்ணீரை எடுத்துக்கொள்வது நல்லது.

பரிசோதனையில் தேறாத பம்பின் கைப்பிடியைக் கழற்றிவிடுவார்கள். ஆகவே ‘அடுத்த முகாமில் நிரப்பிக்கொள்ளலாம்’ என்று காலிக் குப்பியோடு போகாதீர்கள். கம்பர்லண்டுக்கும் ஹான்காக்குக்கும் நடுவே ஆளுக்கு 3 லிட்டர். குழுவுக்கு ஒரு வடிகட்டியும் வேண்டும்.

சாப்பாட்டுக்கு என்ன வழி?

கம்பர்லண்டிலிருந்து ஹான்காக் வரை 60 மைலில் நம்பத்தக்க நிறுத்தம் என்று இரண்டே: ஆற்றைத் தாண்டி ஒரு மைல் போனால் பா பா ஊர், பிறகு லிட்டில் ஆர்லியன்ஸ். இரண்டுமே சின்ன இடங்கள், எந்நேரமும் திறந்திருக்கும் என்று கணக்குப் போட வேண்டாம். அதனால் முதல் நாளுக்கு மூன்று வேளைச் சாப்பாடும் பையில் இருக்கட்டும். ஹான்காக், வில்லியம்ஸ்போர்ட், ஷெப்பர்ட்ஸ்டவுன், பிரன்ஸ்விக் ஆகிய ஊர்களில் கடைகள் உண்டு. நான்காம் நாள் பிரன்ஸ்விக்கில் (மைல் 55) இரவுக்கும் மறுநாள் காலைக்கும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

சைவக் குழுவுக்கு அவலும் புளிக்காய்ச்சலும் தோற்கடிக்க முடியாத கூட்டணி. கெட்டி அவல் ஆளுக்கு 100 கிராம், தண்ணீரில் பத்து நிமிடம் ஊறினால் போதும், அடுப்பே வேண்டாம். ஓட்டும்போது 45 நிமிடத்துக்கு ஒரு முறை கடலை மிட்டாய், பேரீச்சை என்று ஏதாவது வாயில் போட வேண்டும். பசி எடுத்த பிறகு சாப்பிட்டால் அடுத்த ஒரு மணி நேரம் கால் கேட்காது.

பா பா சுரங்கத்தில் என்ன கவனம்?

3,118 அடி நீளம், மைல் 155.2. ஆறு மில்லியனுக்கும் மேல் செங்கல் அடுக்கியது. 1836-ல் தொடங்கிய வேலை முடிய 1850 ஆனது. உள்ளே விளக்கு கிடையாது. இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும், கால் மணி நேரம் ஆகும். பாதை குறுகல், தரையில் குழிகளில் தண்ணீர், பக்கத்தில் கால்வாய், நடுவே ஒரு மரக் கைப்பிடி. அதைத் தடவிப் பாருங்கள்: கழுதைகள் இழுத்த கயிறு அறுத்த பள்ளங்கள் விரலுக்குத் தட்டுப்படும். ஹாண்டில்பார் விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். தரையை நோக்கித் திருப்பி வையுங்கள். எதிரே வேறு குழு வந்தால் பக்கப் பைகள் உரசும் அளவுக்குத்தான் இடம். வரிசையாக நின்று வழி விடுங்கள்.

தொட்டிப்பாலங்களிலும் இதே விதிதான், இறங்கித் தள்ள வேண்டும். நம் மாத்தூர் தொட்டிப்பாலம் போலக் கால்வாயையே ஆற்றின் மேல் தூக்கிக் கொண்டுபோகும் பாலங்கள் இவை, மொத்தம் பதினொன்று. மைல் 42.2-ல் ஏழு வளைவுகளோடு நிற்கும் மொனாக்கசி பாலம்தான் பெரியது.

ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஊருக்குள் சைக்கிளோடு போகலாமா?

ஊர் ஆற்றுக்கு அக்கரையில், மேற்கு வர்ஜீனியாவில். ரயில் பாலத்தோடு சேர்ந்த நடைபாலத்தில் ஏற இரும்புச் சுழல்படி. சுமையோடு சைக்கிளைத் தூக்க முடியாது: பைகளைக் கழற்றி இருவராகத் தூக்குங்கள், அல்லது கீழே பூட்டிவிட்டு ஒருவரைக் காவல் வைத்து முறை போட்டுப் போய் வாருங்கள்.

பூச்சி, பாம்பு, விஷச்செடி?

கவலைப்பட வேண்டியது பாம்பைவிட உண்ணிக்குத்தான். மான் உண்ணி கடித்தால் லைம் என்ற தொற்றுநோய் வரலாம். 0.5% பெர்மெத்ரின் தெளிப்பானை முந்தைய நாளே துணியில் அடித்துக் காயவையுங்கள். தோலில் படக் கூடாது. தினமும் மாலை முழங்கால் மடிப்பு, இடுப்புப் பட்டை, அக்குள், காதின் பின்புறம், முடியோரம் பாருங்கள். எள் அளவில் ஒட்டியிருக்கும். கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். எண்ணெய் தடவுவது, தீக்குச்சி காட்டுவது எல்லாம் வேண்டாம். 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால் லைம் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு. ஒரு மாதத்துக்குள் வட்டத் தடிப்போ காய்ச்சலோ வந்தால் உண்ணி கடித்ததைச் சொல்லி மருத்துவரைப் பாருங்கள்.

மூன்று மூன்று இலையாக இருக்கும் பாய்சன் ஐவி பாதையோரம் எங்கும் உண்டு. பட்டால் உடனே சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். ஒதுங்கப் போகும் இடத்தில் கவனம்.

கை மரத்துப் போகிறது, உட்கார முடியவில்லை. என்ன செய்வது?

ஒவ்வொரு மைல் கம்பத்திலும் பெடலில் எழுந்து நின்று பத்து மிதி மிதியுங்கள். இறக்கம் கொடுக்காத ஓய்வை நாமேதான் கொடுத்துக்கொள்ள வேண்டும். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தால் உள்ளங்கை ஓரத்து நரம்பு அழுந்துகிறது என்று பொருள்: சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறதா பாருங்கள். சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கிக் கனம் முழுவதும் கையில் விழும். மட்டமாக்குங்கள். பட்டை வைத்த சைக்கிள் கால்சட்டைக்குள் உள்ளாடை போடாதீர்கள். அதன் தையல்தான் அறுக்கிறது. இரண்டு செட் வைத்துத் தினம் துவைத்து மாற்றுங்கள். பயணத்துக்காகப் புது சீட் வாங்கி மாட்டுவது வேண்டாத வினை.

ஒருவர் வேகம், ஒருவர் மெதுவு. எப்படிச் சமாளிப்பது?

மெதுவாக ஓட்டுபவர் முன்னால் போகட்டும். கருவிப் பை வைத்திருப்பவர் கடைசியில். வேகமாக ஓட்டுபவர்கள் கனமான பொதுச் சாமானைச் சுமக்கட்டும். வேகம் தானாகச் சமன் ஆகும். சேர்ந்தே ஓட்ட முடியாவிட்டால் ‘ஐந்தில் முடியும் மைல் கம்பத்தில் எல்லோரும் நிற்போம்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி ஆள் வந்து சேர்ந்ததும் கிளம்பிவிடுவது பல குழுக்களின் வழக்கம். பாவம், அவருக்குத்தான் ஓய்வே கிடைக்காது. அவர் வந்த பிறகு ஐந்து நிமிடம் கழித்தே கிளம்புங்கள்.

நடப்பவர்களுக்கும் குதிரைகளுக்கும் வழி விட வேண்டியவர் சைக்கிள்காரர்தான். பெல் அவசியம்.

நடுவில் ஒருவரால் முடியவில்லை என்றால்?

இறங்கிக்கொள்ள நல்ல இடங்கள் ஹான்காக், வில்லியம்ஸ்போர்ட், ஹார்ப்பர்ஸ் ஃபெரி. முதல் இரண்டும் பெருஞ்சாலைக்குப் பக்கம், மூன்றாவதில் ஆம்ட்ராக் நிலையம் இருக்கிறது. ஹான்காக்குக்கு மேற்கே கைபேசி சிக்னல் பல இடங்களில் இருக்காது. அவசர உதவி எண் 911-ஐ அழைக்க நேர்ந்தால் கடைசியாகப் பார்த்த மைல் எண்ணைச் சொல்லுங்கள், அதுவே முகவரி. வெள்ளத்தில் மைல் 84 முதல் 88 வரையுள்ள பிக் ஸ்லாக்வாட்டர் பகுதியை மூடிவிடுவார்கள். பாறைக்கும் ஆற்றுக்கும் நடுவே போகும் கான்கிரீட் நடைபாதை அது. கிளம்பும் வாரம் பூங்காவின் மூடல் அறிவிப்பைப் பாருங்கள்.

கடைசி நாளில் ஏதாவது கவனிக்க வேண்டுமா?

கிரேட் ஃபால்ஸ் (மைல் 14) தாண்டியதும் கூட்டம் கூடும், வேகம் பாதியாகும். ஆற்றில் இறங்க வேண்டாம். மேலே அமைதியாகத் தெரியும் தண்ணீருக்கு அடியில் இழுப்பு பயங்கரம். கடைசி மூன்று மைலுக்கு கேப்பிட்டல் கிரெசன்ட் என்ற தார்ப்பாதை இணையாக வரும், அதில் ஏறிக்கொள்ளலாம்.

மைல் 0 கல்லைப் பலர் தவறவிட்டுவிடுகிறார்கள். கால்வாய் ஜார்ஜ்டவுன் கட்டடங்களுக்கு நடுவே முடிவதுபோல் தோன்றும், ஆனால் கல் அங்கே இல்லை. ராக் கிரீக் ஓடை ஆற்றில் சேரும் இடத்தில், தாம்சன் படகுக் கூடத்தின் பின்புறம், பழைய டைட் லாக் பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து யூனியன் நிலையம் சுமார் 4 மைல். ரயில் பிடிக்க வேண்டியவர்கள் படம் எடுக்க அரை மணி நேரம் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.